வினிகுங்கா: ஒரே பகலில் ஐயாயிரம் மீட்டர்

பெருவின் குஸ்கோவுக்கு வரும் எவரும் வினிகுங்காவின் படத்தைப் பார்க்காமல் தப்ப முடியாது. பிளாசா தெ அர்மாஸ் சதுக்கத்தைச் சுற்றியுள்ள பயண முகவர்களின் வாசல்களில் எல்லாம் அந்த வரிவரியான மலை தொங்கிக்கொண்டிருக்கும். வானவில் மலை, ஏழு நிற மலை என்று இரண்டு பெயர்களும் புழக்கத்தில் உண்டு. கட்டணம் கேட்டால் மலிவாகத்தான் சொல்வார்கள். நடை எவ்வளவு என்றால், “ஒரு வழிக்கு நாலு கிலோமீட்டர்தான்” என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த நாலு கிலோமீட்டர் தொடங்கும் இடமே 4,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. முடிகிற காட்சிமுனையின் உயரம் 5,036 மீட்டர் என்று சொல்லப்படுகிறது. எவரெஸ்ட்டின் நேபாளப் பக்க அடிவார முகாம் 5,364 மீட்டர். அங்கே போகிறவர்கள் ஒரு வாரத்துக்கும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் போகிறார்கள். இங்கே விடியுமுன் வேனில் ஏறி, மதியச் சாப்பாட்டுக்குக் கீழே வந்துவிடுகிறோம்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் பெரும்பகுதி, மலைக்குப் போவதற்கு முந்தைய நாட்களைப் பற்றியது. நடை நன்றாக அமைவதும் கெடுவதும் அப்போதே முடிவாகிவிடுகிறது.

எந்த நாளில் வைத்துக்கொள்வது

லிமா கடலோர நகரம். அங்கிருந்து கிளம்பும் விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் உங்களை 3,400 மீட்டர் உயரத்துக் குஸ்கோவில் இறக்கிவிடும். இறங்கிய மறுநாளே வினிகுங்காவுக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். விற்கிறவர்களும் தடுப்பதில்லை. அப்படிப் போகாதீர்கள்.

உயரே போகப் போகக் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. அங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். ஐயாயிரம் மீட்டரில் அது கடல்மட்ட அழுத்தத்தில் பாதியைச் சற்றே தாண்டும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குத்தான். இதைச் சமாளிக்க உடல் முதலில் வேகமாக மூச்சுவிடப் பார்க்கும். அப்படி விட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி இரத்தத்தில் காரத்தன்மை கூடும். அது கூடியதும் மூளை மூச்சை அடக்கும். இந்த இழுபறியைத் தீர்த்துவைப்பது சிறுநீரகம். பைகார்பனேட்டை வெளியேற்றி இரத்தத்தை நிலைக்குக் கொண்டுவர அதற்கு இரண்டு, மூன்று நாள் வேண்டும். குஸ்கோவில் முதல் இரவு, மூச்சு நின்று நின்று வருவதுபோல் திடுக்கிட்டு விழிப்பீர்கள். அதற்குக் காரணமும் இதே இழுபறிதான்.

இந்த இரண்டு மூன்று நாளை உடற்பயிற்சியால் குறைக்க முடியாது. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவரின் சிறுநீரகம் மற்றவர்களுடையதைவிட வேகமாக வேலை செய்வதில்லை. சொல்லப்போனால் ஓட்டக்காரர்கள்தான் பாதையில் முதலில் திணறுவார்கள். கால் வலுவாக இருப்பதால் நுரையீரல் தாங்குவதைவிட வேகமாகப் போய்விடுவார்கள்.

பயணத்தை இப்படி வகுத்துக்கொள்ளலாம். விமானம் இறங்கியதும் குஸ்கோவில் தங்காமல் நேராகப் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். உருபம்பா, ஒயாந்தாய்தம்போ இரண்டும் 2,800 மீட்டரை ஒட்டிய ஊர்கள். அங்கே இரண்டு இரவு தங்குங்கள். பிறகு மச்சு பிச்சு. அது இன்னும் தாழ்வு, 2,430 மீட்டர். அதன் பிறகு குஸ்கோவுக்கு ஏறி, அங்கே இரண்டு இரவு தூங்கி எழுந்தபின் வினிகுங்கா. பயணத்தின் கடைசிப் பகுதியில் இதை வைத்தால் உடல் பழகியிருக்கும். முதல் பகுதியில் வைத்தால் மச்சு பிச்சுவையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்ள நேரும்.

மாதத்தைப் பொறுத்தவரை மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். ஜூன், ஜூலையில் வானம் தெளிவாக இருக்கும். விடியற்காலைக் குளிர் உறைநிலைக்குக் கீழே போகும். கூட்டமும் அப்போதுதான் உச்சம். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை. மலைச்சாலை சேறாகும், மண் சரியும், மேலே பனி பெய்தால் நிறமெல்லாம் வெள்ளைக்கடியில் மறைந்துபோகும். எனக்குப் பிடித்தவை ஏப்ரல் கடைசியும் அக்டோபர் தொடக்கமும். மழை ஒன்றிரண்டு வந்துபோனால் ஈர மண்ணில் சிவப்பு அடர்ந்து தெரியும். எந்த மாதமானாலும் பனிப்பொழிவுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. குஸ்கோவில் ஒரு நாளை உதிரியாக வைத்திருந்தால் முந்தைய நாள் போய்வந்தவர்களை விசாரித்துவிட்டுப் போகலாம்.

மாத்திரையும் கோக்கா தேநீரும்

சிறுநீரகம் செய்யும் வேலையை முன்கூட்டியே தொடங்கிவைக்கும் மருந்து அசெட்டசோலமைடு. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, உயரத்துக்கு ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறுநீர் அதிகம் போகும், விரல்நுனி குறுகுறுக்கும், சோடா குடித்தால் சுவை கெட்டிருக்கும். இவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம்.

குஸ்கோ மருந்துக் கடைகளில் உயரநோய்க்கு ‘சொரோச்சே’ மாத்திரை என்று ஒன்றை நீட்டுவார்கள். அதில் இருப்பது ஆஸ்பிரினும் காஃபினும். தலைவலியை அடக்கும், உடலைப் பழக்காது. வயிற்றுப் புண் உள்ளவர்களும் இரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் வாங்காதிருப்பது நல்லது.

கோக்கா இலைத் தேநீர் விடுதி, உணவகம், மலைப்பாதை என எங்கும் கிடைக்கும். பெருவில் அது சட்டப்படி சாதாரணப் பானம். ஆந்திய மக்கள் நூற்றாண்டுகளாக மெல்லும் இலை. சூடும் லேசான உற்சாகமும் தரும், அவ்வளவே. உயரநோயைத் தடுக்கும் என்று நம்பி மருந்தை விட்டுவிடாதீர்கள். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். ஒன்று, குடித்த சில நாட்களுக்குச் சிறுநீர்ச் சோதனையில் கொக்கெய்ன் என்று காட்டலாம். கப்பல் வேலைக்காரர்களும் விளையாட்டு வீரர்களும் தொடவே வேண்டாம். இன்னொன்று, இலையையோ தேயிலைப் பொட்டலத்தையோ பெட்டியில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பாதீர்கள். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கோக்கா இலையும் அடக்கம். இலை வேண்டாதவர்களுக்கு ‘முன்யா’ என்ற மூலிகைத் தேநீர் இருக்கிறது. புதினா வகையைச் சேர்ந்தது, வாசனையும் அதை ஒட்டியே இருக்கும்.

இதய நோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: கடும் குளிரிலும் உயரத்திலும் குளுக்கோஸ் கருவி தவறாகக் காட்டக்கூடும். கருவியையும் இன்சுலினையும் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள்.

வழிகாட்டியைத் தேர்வது

முகவர்கள் பலர் இருந்தாலும் ஒருவர் பிடித்த பயணியை இன்னொருவர் வேனில் ஏற்றுவது சாதாரணம். எனவே கடைப் பெயரைப் பார்ப்பதில் பயனில்லை. கேள்விகளால்தான் சலிக்க வேண்டும். வழிகாட்டி ஆக்சிஜன் உருளையைத் தானே மேலே சுமந்து வருவாரா, அல்லது அது வேனிலேயே இருக்குமா? விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் உண்டா? குழுவில் எத்தனை பேர், வழிகாட்டி எத்தனை பேர்? ஒருவருக்கு முடியாமல் போனால் அவரோடு யார் இறங்குவார்கள்? நுழைவுக் கட்டணம் இதில் சேர்ந்ததா?

நான்காவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் மழுப்பலான பதில் வரும். இருபது பேருக்கு ஒரே வழிகாட்டி என்றால், முன்னால் போகிறவர்களோடு அவர் போவாரா, பின்தங்கியவரோடு நிற்பாரா? ஒரே நேரத்தில் இரண்டும் முடியாது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, பத்துப் பன்னிரண்டு பேருக்கு இரண்டு வழிகாட்டிகள் உள்ள குழுவில் சேருங்கள். இந்தப் பயணத்தில் காசு செலவழிக்கத் தகுந்த ஒரே இடம் இதுதான் என்பேன்.

இன்னொன்றையும் விசாரியுங்கள்: எந்த வழியாகப் போகிறார்கள்? முன்பு பிதுமார்க்கா வழியாகச் சுற்றிப் போய் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது. பின்னர் குசிபாத்தாவிலிருந்து சில்லிவானி வழியாக மேலே போகும் சாலை வந்தபின் நடை பாதியாகக் குறைந்தது. இப்போது பெரும்பாலான வேன்கள் இந்த வழியில்தான் போகின்றன. இந்த அத்தியாயமும் அந்தப் பாதையையே விவரிக்கிறது.

அந்த நாள்

விடியற்காலை மூன்றரை, நான்கு மணிக்கு வேன் விடுதி வாசலுக்கு வரும். வில்கனோத்தா ஆற்றுப் பள்ளத்தாக்கில் புனோ செல்லும் நெடுஞ்சாலையில் ஊர்கோஸைத் தாண்டிக் குசிபாத்தா வரை தார்ச்சாலை. அங்கே காலை உணவு: ரொட்டி, முட்டை, பழம், தேநீர். வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். செரிமானமும் ஆக்சிஜன் கேட்கும். அதற்குப் பின் செம்மண் சாலையில் வளைந்து வளைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏற்றம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். தலைசுற்றல் உள்ளவர்கள் முன்இருக்கையைக் கேட்டு வாங்குவது நல்லது.

வேன் நிற்கும் இடத்தில் இறங்கியதும் உடனே நடக்காதீர்கள். பத்து நிமிடம் நில்லுங்கள், காலணிக் கயிற்றைக் கட்டுங்கள், கழிவறை போய்வாருங்கள். அதற்கு ஒன்றிரண்டு சோல் சில்லறை வேண்டும். காகிதம் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். சோல் நாணயங்களைக் குஸ்கோவிலேயே மாற்றிவைத்திருங்கள். மேலே அட்டையும் எடுபடாது, பெரிய நோட்டும் எடுபடாது.

உடையில் அடுக்கு முக்கியம். வியர்வையை உறிஞ்சாத உள்சட்டை, கம்பளி அல்லது ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் தடுக்கும் ஜாக்கெட். பருத்திச் சட்டை வேண்டாம்; நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரை ஏற்றும். கையுறை, காதை மூடும் குல்லா கட்டாயம். இரண்டையும் குஸ்கோவில் அல்பாக்கா கம்பளியில் மலிவாக வாங்கலாம். நிலநடுக்கோட்டிலிருந்து சென்னை வடக்கே எவ்வளவு தள்ளியிருக்கிறதோ ஏறக்குறைய அதே அளவு தெற்கே இந்த மலை இருக்கிறது. அதனால் வெயில் வெப்ப மண்டலத்து வெயில்தான். அதோடு ஆயிரம் மீட்டர் ஏறும்போதெல்லாம் புற ஊதாக் கதிர் பத்து சதவீத அளவுக்குக் கூடுகிறது. குளிர்கிறதே என்று ஏமாந்தால் மாலையில் மூக்கு உரிந்திருக்கும். நம் நிறத்துக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம் என்ற நினைப்பைக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள். உதட்டுக்கும் பூசுங்கள், கறுப்புக் கண்ணாடி போடுங்கள். கைப்பேசியை உள்பையில் வையுங்கள், குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கிவிடும்.

பாதையின் முதல் பகுதி லேசான ஏற்றம். அகலமான புல்வெளிப் பள்ளத்தாக்கு, மேயும் அல்பாக்காக்களும் லாமாக்களும். இங்கேதான் பலரும் வேகமாக நடந்து மாட்டிக்கொள்கிறார்கள். சரியான வேகத்தை அறிய ஒரு வழி உண்டு: நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள். செங்குத்தான இடத்தில் ஒவ்வொரு அடிக்கும் பின்காலை நேராக்கி, எடையை எலும்பின் மேல் நிறுத்தி, ஒரு மூச்சு விட்டபின் அடுத்த அடி. பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் நிற்காமல் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். பத்தடி ஓடிப் பத்து நிமிடம் உட்காருகிறவரை இப்படி நடந்தே முந்திவிடலாம்.

தொடக்கத்திலேயே குதிரைக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பெரும்பாலும் பக்கத்து ஊர்க் கெச்சுவா மக்கள். பெண்களும் நிறையப் பேர். பழைய டயர் ரப்பரில் செய்த ‘ஒஹோத்தா’ செருப்போடு, குதிரையின் கயிற்றைப் பிடித்தபடி நாம் திணறும் உயரத்தில் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். குதிரை ஏறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பணம் நேராக ஊருக்குள் போகிறது. ஆனால் மூன்று விஷயங்கள். விலையைப் போகவர என்றா, போக மட்டுமா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சரிவான சில இடங்களில் இறங்கி நடக்கச் சொல்வார்கள். கடைசி ஏற்றத்தின் அடிவாரத்தோடு குதிரை நின்றுவிடும். மீதியை நீங்கள்தான் ஏற வேண்டும், அதுதான் பாதையிலேயே கடினமான பகுதி. குதிரையில் உட்கார்ந்தே வந்ததால் உடல் குளிர்ந்திருக்கும், திடீரென்று எழுந்து ஏறினால் தலைசுற்றும். இறங்கி ஐந்து நிமிடம் நின்று ஏறுங்கள்.

மேலே

காட்சிமுனை, நிறமலைக்கு எதிரே உள்ள ஒரு முகடு. அங்கிருந்து எதிர்ச்சரிவைப் பார்க்கிறோமே தவிர, நிறங்களின் மேல் யாரும் ஏறி நடப்பதில்லை, நடக்கவும் கூடாது. மண் இளகியது, மிதித்தால் கரைந்துபோகும்.

விளம்பரப் படத்தில் பார்த்த நிறத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். அந்தப் படங்களில் நிறத்தைக் கூட்டியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரிவது துருச் சிவப்பு, கடுகு மஞ்சள், வெளிறிய பச்சை, சாம்பல் கலந்த வெள்ளை. எனக்கு இந்த அடங்கிய நிறங்கள்தான் நம்பும்படி இருக்கின்றன. இவையெல்லாம் படிவுப்பாறை அடுக்குகள். ஒரு காலத்தில் கிடைமட்டமாகப் படிந்த களிமண்ணும் மணலும் சுண்ணாம்பும். பசிபிக் அடியிலுள்ள நாஸ்கா தட்டு தென் அமெரிக்கத் தட்டுக்கு அடியில் நுழைய நுழைய, ஆந்தீஸ் உயர்ந்தது. அடுக்குகளும் சாய்ந்து நின்றன. சிவப்பு இரும்பு ஆக்சைடு. வெள்ளையில் சுண்ணாம்பும் மணற்கல்லும். பச்சையில் இரும்பும் மக்னீசியமும் கலந்த களிமண். மஞ்சளில் கந்தகம் சேர்ந்த தாதுக்கள்.

நிறமலையையே பார்த்துக்கொண்டிருக்காமல் வானம் தெளிவாக இருந்தால் அவுசங்காத்தே எந்தப் பக்கம் என்று வழிகாட்டியைக் கேளுங்கள். 6,300 மீட்டரைத் தாண்டிய பனிச்சிகரம். இவ்வூர் மக்களுக்கு அது ‘அப்பு’, காவல் தெய்வம். அதைச் சுற்றிப் பல நாள் நடக்கும் பயணிகள் மட்டுமே ஒரு காலத்தில் வினிகுங்காவை அறிந்திருந்தார்கள். 2015-ஐ ஒட்டித்தான் கூட்டம் வரத் தொடங்கியது; 2018-இல் நாளுக்கு ஆயிரம் பேர் என்ற நிலை. அதே ஆண்டில் இந்த மலைப்பகுதியில் சுரங்க உரிமை பெற்ற ஒரு கனடா நிறுவனம், எதிர்ப்பு எழுந்தபின் அதைக் கைவிட்டது. மந்தை மேய்த்த ஊர்களுக்கு நுழைவுக் கட்டணமும் குதிரையும் புது வருமானம். பாதையோரப் புல்தரைக்கு அத்தனை காலடிகளும் புதுச் சுமை. போட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். அலங்கரித்த அல்பாக்காவோடு நிற்கும் பெண்களைப் படமெடுத்தால் ஓரிரு சோல் கொடுப்பது வழக்கம். கேட்டுவிட்டு எடுங்கள்.

மேலே இருபது, முப்பது நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம். மழைக்காலத்தில் பிற்பகல் இடி மின்னல் வரும். அதற்குள் முகட்டைவிட்டு இறங்கியாக வேண்டும். பக்கத்திலுள்ள சிவப்புப் பள்ளத்தாக்குக்குத் தனிக் கட்டணம், கூடுதல் நடை. மூச்சு சீராக இருப்பவர்கள் போகலாம். பல பேருக்கு வானவில்லைவிட அது பிடித்துப்போகிறது.

சைவர்களுக்கு

பாதையோரம் கெச்சுவாப் பெண்கள் வேகவைத்த பெரிய மணிச் சோளமும் பாலாடைக்கட்டியும் விற்பார்கள். அந்தக் குளிரில் அதற்கு ஈடில்லை. மதிய உணவில் கினோவா சூப், உருளைக்கிழங்கு, சோறு பெரும்பாலும் இருக்கும். ‘சின் கார்னே’, இறைச்சி இல்லாமல், என்று சொன்னால் மட்டும் போதாது. கோழியை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு. ‘சின் போயோ, சின் பெஸ்காதோ’ என்று கோழியையும் மீனையும் பெயர் சொல்லி விலக்குங்கள். சூப் கோழிச் சாற்றில் செய்ததா என்றும் கேளுங்கள்.

பல்கோயோ

முழங்கால் வலி உள்ளவர்களும் வயதான பெற்றோரை அழைத்து வருபவர்களும் பல்கோயோவைப் பாருங்கள். இதே வட்டாரம், இதே மாதிரி வரிகள், ஒன்றுக்கு மூன்று நிறக்குன்றுகள். வேன் கிட்டத்தட்ட மேலேயே கொண்டுபோய் விடும். நடை ஒரு மணி நேரத்துக்குள், பெரும்பாலும் சமதளம். கூட்டமும் குறைவு. உயரம் மட்டும் அங்கேயும் 4,900 மீட்டர். நடை சுலபம் என்பதற்காக முந்தைய நாட்களின் ஓய்வைக் குறைத்துவிடக் கூடாது.

திரும்பிய மாலை

மதியம் சாப்பிட்டு, மாலை நான்கு, ஐந்து மணிக்குக் குஸ்கோ திரும்புவீர்கள். உயரநோய் ஏறிய உடனே வருவதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் தலைகாட்டும். மேலே நன்றாகத்தான் இருந்தேன் என்பவருக்கு வேனிலோ விடுதியிலோ தலைவலி தொடங்குவது அதனால்தான். அன்று இரவு மது வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டாம். சூடாக சூப்பும் தண்ணீரும் போதும். தலைவலியோடு குமட்டலோ மயக்கமோ சேர்ந்தால் ஓய்வெடுத்து, மேற்கொண்டு உயரம் ஏறாதீர்கள். மறுநாள் 3,800 மீட்டரைத் தாண்டிய புனோவுக்குப் பயணச்சீட்டு எடுத்திருந்தால் தள்ளிவையுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், இருமலில் நுரையோ இளஞ்சிவப்புச் சளியோ வந்தாலும், பேச்சு குழறி நேர்க்கோட்டில் நடக்கத் தடுமாறினாலும், விடியும் வரை காத்திருக்க வேண்டாம். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கத் தொடங்கியதன் அறிகுறிகள் அவை. விடுதிக்காரரிடம் ஆக்சிஜன் கேளுங்கள், அந்த இரவே மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள், கீழே இறங்கும் ஏற்பாட்டையும் அப்போதே தொடங்குங்கள்.